சங்கின் கடைவாய்ப்பல்

பாட்டில் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது ஊதுகிற சங்கு பழுதாகிப் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். தொழிற்சங்கச் செயலாளரை வாசலில் நிறுத்தி, "நேரமாச்சு" என்று சொல்லச் சொன்னால் போதும். அதனாலேயே அவருக்குச் சங்கு என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மேனேஜர்கூட, ஆள் பக்கத்தில் இல்லையென்றால், "சங்கு வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

குரல் அவருக்குத் தொழில் கொடுத்தது. அவர் வேலை, பாட்டில் வார்க்கிற அச்சுகளைச் செப்பனிடும் பட்டறையில். பாட்டில் ஊதும் இயந்திரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டே இருக்கும். அங்கே சாதாரணமாகப் பேசினால் உதடு அசைவது தெரியும், சொல் வந்து சேராது. "அந்த ஸ்பேனரை எடு" என்பதையே போர் முரசு போலச் சொல்ல வேண்டும். வேலை முடிந்தாலும் சத்தம் கூடவே வீட்டுக்கு வந்தது. தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டில் எழுந்து போய் மொண்டு வருவார்கள் என்று அவர் மனைவி கேலி செய்வார். "ஏங்க, நான் அடுத்த தெருவுல இல்லை, இங்கதான் இருக்கேன்" என்பது அந்த வீட்டில் தினமும் கேட்கிற வாசகம்.

சங்கத்துக்கு அந்தக் குரல்தான் மூலதனம். பேச்சுவார்த்தைக்குப் போய் வந்தால் 'என்ன கிடைத்தது' என்று யாரும் கேட்க மாட்டார்கள். 'எவ்வளவு நேரம் கத்தினார்' என்றுதான் கேட்பார்கள். மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது என்று தெரிந்தால் எல்லோரும் திருப்தியோடு சாப்பிடப் போவார்கள். பல வருஷமாக அந்தக் கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. சம்பளம் மட்டும் அசையாமல் இருந்தது.

மற்றபடி அவர் தெளிவான ஆள். கைரேகை பார்க்கிறவன், மந்திரித்துக் கயிறு கட்டுகிறவன், கல் வைத்த மோதிரம் போட்டால் பதவி உயர்வு வரும் என்கிறவன் யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்து "ஆதாரம் எங்கே?" என்பார். ஒரு சமயம் தொழிற்சாலை ஆண்டு விழாவில் ஒரு மெஸ்மெரிசக்காரன் வந்து, நாணயத்தை ஆட்டிக் காட்டி, ஸ்டோர் கீப்பரை நாய் மாதிரிக் குரைக்க வைத்தான். சங்கு மேடையேறி, ஒலிபெருக்கி இல்லாமலேயே, இது பித்தலாட்டம் என்று அறிவித்தார். ஸ்டோர் கீப்பர் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் குரைத்தது தனிக்கதை.

அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் இருந்தது. பல் டாக்டர். ஒரு தடவை நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் காகிதத் துண்டு கட்டி, ஊசியைக் கண்டதும் எழுந்து ஓடி வந்துவிட்டார். பஸ் நிறுத்தம் வரைக்கும் காகிதத் துண்டு கழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு கடைவாய்ப்பல் வலித்தால் கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், கொஞ்சம் வசவு, இவைதான் வைத்தியம். நிர்வாகத்தைப் பார்த்துப் பயப்படாதவர் என்று பேரெடுத்த மனிதர், ஒரு பல்லைப் பார்த்துப் பயந்து அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்து வந்தார்.

இந்த நேரத்தில்தான் கழுகுக்கு வேலை போனது.

கழுகு என்பது பலகையில் உட்கார்கிற ஒரு பெண்ணுக்குப் பட்டறை கொடுத்த பேர். சூடு ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். பின்னால் ஒரு வெள்ளை வெளிச்சப் பலகை. எதிரே ஒரு பெண் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பார்த்து, கீறல், குமிழ், வாய்க் கோணல் இருப்பதைப் பொறுக்கித் தொட்டியில் போட வேண்டும். கழுகின் கண்ணில் மயிரிழைக் கீறல்கூடத் தப்பாது. முன்பெல்லாம் ஒரு பலகைக்கு இரண்டு பேர். ஒருத்தி கண்ணை மூடிக் கொஞ்சம் ஆறுவாள், மற்றவள் பார்ப்பாள். 'பார்க்கிறதுக்கு எதுக்கு ரெண்டு பேர்' என்று புது மேனேஜருக்கு ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து ஒருத்திதான். உட்கார்ந்தால் அடுத்த இடைவேளைக்குத்தான் எழுந்திருக்கலாம்.

மருந்துக் கம்பெனி ஒன்று, பாட்டில்கள் சிரப் ஊற்றும்போதே பிளக்கின்றன என்று மூட்டை கட்டித் திருப்பி அனுப்பியது. கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். கேமரா முதுகுப் பக்கம் மாட்டியிருந்தது. கழுகு பெல்ட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கை மடியில் இருக்கிறது. பாட்டில்கள் போகின்றன. கை எழவே இல்லை. முதுகைப் பார்த்து ஒருவர் தூங்குகிறார் என்று கண்டுபிடிக்கிற விஞ்ஞானம் நிர்வாகத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்று. 'வேலை நேரத்தில் தூங்கினார்' என்று எழுதி வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள். விசாரணை அப்புறம்.

கழுகு சங்கின் தெருவில்தான் குடியிருந்தாள். அன்று சாயங்காலமே வந்து, அழாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னாள்.

"நான் தூங்கலைண்ணே. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. பாட்டில் போயிட்டே இருந்துச்சு. ஆனா நான் எங்க போனேன்னு எனக்கே தெரியலை."

"தூங்கலைன்னு மட்டும் சொல்லு. எங்க போனேன்னு தெரியலைன்னு அங்க உளறி வைக்காதே" என்று சங்கு தெருவுக்கே கேட்கும்படி ரகசியமாகச் சொன்னார்.

முதல் நாள் விசாரணையில் அவர் தன் மூலதனத்தை முழுவதுமாக இறக்கினார். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற சட்டக்காரர். காது மந்தம் இல்லாதவர், பாவம். "அவ தூங்கலை" என்று சங்கு கத்த, கதவு அதிர, மேனேஜர் பொறுமையாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "தூங்கலையா? சரி. அப்ப முழிச்சுக்கிட்டே கீறல் பாட்டிலை அனுப்புனாங்களா? அது இன்னும் பெரிய குத்தம் இல்லையா?"

பதில் இல்லாத இடத்தில் சத்தத்தை ஏற்றுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. ஏற்றினார். அதிகாரி, இறுதி விசாரணை அடுத்த வாரம், அன்றைக்கே முடித்துவிடலாம் என்று சொல்லி எழுந்துகொண்டார். வாசலில் காத்திருந்த கூட்டம் கதவு அதிர்ந்த செய்தி கேட்டுக் கைதட்டியது. கழுகு மட்டும் கேட்டாள்: "அவர் கேட்டதுக்கு நாம என்னண்ணே சொன்னோம்?"

அன்று ராத்திரியே கடைவாய்ப்பல் பழிவாங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் உப்பி, வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. சங்கு ஊதவில்லை. 'ம்', 'ஊம்' என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இறுதி விசாரணைக்கு வாய் வேண்டும். இந்த வாயை நம்பித்தான் ஒரு பெண்ணின் வேலை இருந்தது.

மனைவி செருப்பை எடுத்து முன்னால் போட்டார். "ஊரையே மிரட்டுற மனுஷன், விரல் நீள ஊசிக்கு நடுங்குறீங்க. கிளம்புங்க. உங்களுக்காக இல்லை, அந்தப் பொண்ணுக்காக."

ஒரு அச்சகத்தின் மாடியில் அந்தப் பல் மருத்துவமனை இருந்தது. கீழே காகிதம் வெட்டுகிற சத்தம், மேலே பல் குடைகிற சத்தம். டாக்டரம்மா இளவயது. உப்பிய கன்னத்தைப் பார்த்ததும், முதலில் வீக்கம் வடிய மருந்து கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். வாய் பாதி திறக்கிற நிலைக்கு வந்து சங்கு நாற்காலியில் சாய்ந்தபோதுதான் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தார். பல் சிகிச்சையில் ஹிப்னாடிசம், பயிற்சி பெற்றவர் என்று அதில் எழுதியிருந்தது.

பாதி வாயிலேயே பகுத்தறிவு கொந்தளித்தது. இதெல்லாம் ஏமாற்று, ஆளை மயக்கி ஆட்டி வைக்கிற வேலை, படித்தவர்களே இப்படிச் செய்தால் எப்படி என்றெல்லாம் குழறிக் குழறிச் சொல்லி, ஸ்டோர் கீப்பர் கதையையும் சொன்னார். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"அவருக்கு ரொம்ப நாளாக் குரைக்கணும்னு ஆசை இருந்திருக்கும், சார். மேடை கிடைச்சதும் குரைச்சுட்டார்" என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். இதில் மந்திரமும் இல்லை, சக்தியும் இல்லை. யாரையும் தூங்கவைக்கப் போவதில்லை. விருப்பமில்லாதவரை ஒன்றும் செய்ய முடியாது. ஊசியும் உண்டு. ஆனால் சீழ் பிடித்த இடத்தில் மரப்பு மருந்து ஒழுங்காகப் பிடிக்காது. பயந்து விறைத்த உடம்பில் வலி ரெட்டிப்பாகத் தெரியும். அந்தப் பயத்தை இறக்கி வைக்கத்தான் இது.

"ஆதாரம்?" என்றார் சங்கு.

"படிக்கத் தர்றேன். சில பேருக்கு நல்லா உதவுது, சில பேருக்கு உதவவே உதவாது. உதவலைன்னா உங்ககிட்ட ஒளிக்க மாட்டேன். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்."

நினைத்த நொடியில் வேலையை நிறுத்துகிற உரிமை. இத்தனை வருஷப் போராட்டத்தில் எந்த முதலாளியும் கொடுக்காததை ஒரு பல் டாக்டர் கேட்காமலேயே கொடுத்தார். சங்கு மறுக்க முடியாமல் தலையாட்டினார்.

மனம் அமைதியாகிற ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. கடற்கரை? வெயில் மண்டையைப் பிளக்கும் என்றார் சங்கு. பூந்தோட்டம்? கொசு. மலையுச்சி? தலை சுற்றும். அமைதி என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்க அவருக்கு இதுவரை நேரம் கிடைத்ததில்லை. கடைசியில் வெட்கத்தோடு ஒன்றைச் சொன்னார். பழுது பார்க்க இயந்திரத்தை நிறுத்துவார்கள். அப்போது பெல்ட் மட்டும் மெதுவாக ஓடிக் கடைசிப் பாட்டில்களைக் கொண்டுபோகும். இரைச்சல் போனபிறகு கண்ணாடியும் கண்ணாடியும் உரசுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். அது நன்றாக இருக்கும்.

"போதும், அதையே பாருங்க" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் தாழ்ந்தது. பெல்ட் ஓடுது. ஒரு பாட்டில் போகுது. பின்னால வெளிச்சம். இன்னொண்ணு. மூச்சை விடும்போது ஒண்ணு. அவசரம் இல்லை. எண்ண வேண்டாம். பார்த்தா போதும்.

சங்கு முதலில் ஒத்துழையாமைதான் செய்தார். மனதுக்குள் எதிர்க் கேள்விகளை அடுக்கினார். அடுக்கிய கேள்விகளும் ஒவ்வொன்றாகப் பெல்ட்டில் ஏறிப் போய்விட்டன. நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் எப்போது விட்டன என்று தெரியவில்லை. ஊசி போட்டதை அறிந்தார். பல்லைக் குடைகிற சத்தத்தைக் கேட்டார். வாயை இன்னும் திறங்க என்ற குரலுக்குத் திறந்தார். வலி இருந்தது. ஆனால் அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. சத்தம் வந்தது, வழக்கு அவருடையதில்லை. இடது கையை ஒரு தடவை தூக்கினார், வாக்குறுதி நிஜம்தானா என்று பார்க்க. உடனே நிறுத்தினார்கள். நன்றாக இருந்தது. மறுபடி பாட்டில்கள் போயின.

பெல்ட் நின்றுவிட்டது, அறைக்கு வந்துவிடுங்கள் என்று குரல் சொன்னது. கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தார். கீழே அச்சகம் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது.

"தூங்கிட்டேனா?" என்றார், வாய் நிறையப் பஞ்சோடு.

"இல்லையே. சொன்னதெல்லாம் செஞ்சீங்க."

"அப்ப நான் எங்க போனேன்?"

கேட்ட வேகத்தில் தன் சொல்லே அவரைத் திருப்பி அடித்தது. இதே வார்த்தையை யாரோ ஒருத்தி அவர் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள். உளறாதே என்று அவர்தான் வாயை அடைத்தார். சங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். பஞ்சைத் துப்பினார்.

"கழுகு தூங்கலை" என்றார்.

டாக்டரம்மா, மருந்தின் வேகமாக இருக்கும் என்று நினைத்து, கொஞ்சம் படுத்திருக்கச் சொன்னார். சங்கு படுக்கவில்லை. பலகையை, பெல்ட்டை, வெளிச்சத்தை, ஒற்றை ஆளாக உட்காருவதை எல்லாம் சொல்லிக் கேட்டார். டாக்டரம்மா கவனமாகப் பதில் சொன்னார். நீளமான ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. ஒரே மாதிரி நகர்கிற ஒன்றை ஓய்வில்லாமல் பார்த்தால் கண் திறந்திருக்கும், கவனம் எங்கோ போய்விடும். அது சோம்பலும் இல்லை, தூக்கமும் இல்லை. "இங்க நடந்ததும் அதுவும் ஒண்ணுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சின்னு வேணா சொல்லலாம்."

அந்த அளவு உறவு போதும் என்றார் சங்கு.

இறுதி விசாரணை அன்று கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது, தாடை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. கத்த முடியாது. ஆனால் சங்குக்கே ஆச்சரியம், கத்த வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் பேச்சுக்கு முன்னாலேயே கை மேஜையைத் தட்டிவிடும். அதைத்தான் இத்தனை நாள் ஆவேசம் என்று நினைத்திருந்தார். அன்று மூச்சை ஒரு தடவை மெதுவாக விட்டார். கை மேஜைக்குப் போகவில்லை. பல்லைப் பார்த்துப் பயந்த அதே பயம்தான் இங்கேயும் வேஷம் போட்டுக்கொண்டு கத்தியிருக்கிறது என்று தெரிந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

கூட வந்த துணைச் செயலாளர் காதைக் கடித்தார்: "ஆரம்பிங்க சங்கண்ணே, வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

சங்கு மேனேஜரிடம், வாசல் வரைக்கும் கேட்காத குரலில், ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். சார் ஓர் இடைவேளையிலிருந்து அடுத்த இடைவேளை வரைக்கும் பலகையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கழிவுத் தொட்டியிலிருந்து கீறல் பாட்டில்களை எடுத்து, பின்னால் அடையாளம் தெரிய அடியில் சாக்பீஸ் கோடு போட்டு, விசாரணை அதிகாரியே தன் கையால் இடையிடையே பெல்ட்டில் வைக்கட்டும். கத்தியிருந்தால் மேனேஜர் மறுத்திருப்பார். தாழ்ந்த குரலில் கேட்டதால் அதில் ஆபத்து இருப்பதாக அவருக்குப் படவில்லை. கத்தல் கேட்டு அலுத்த அதிகாரியும், வேறு ஏதாவது நடந்தால் சரி என்று எழுந்துவிட்டார்.

மேனேஜர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். முதலில் அமர்க்களமாகத்தான் இருந்தது. சாக்பீஸ் கோட்டுப் பாட்டில்களை டக் டக்கென்று எடுத்துத் தொட்டியில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் கொடுத்தார். பார்க்கிறவனுக்கு அக்கறை இருந்தால் கீறல் தானாகக் கண்ணில் படும் என்றார். அக்கறையைப் பற்றி இன்னொரு வாசகம் ஆரம்பித்தார். அது பாதியில் நின்றது. பாட்டில்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று, பிறகு ஒன்று. மேனேஜரின் கண் அகலத் திறந்திருந்தது. கை மடியில் இருந்தது. சாக்பீஸ் கோடு போட்ட பாட்டில் ஒன்று அவர் மூக்குக்கு நேரே போனது. இன்னொன்று போனது. அதிகாரி ஆர்வம் தாங்காமல் அடுத்தடுத்து வைத்தார். எல்லாம் மேனேஜரின் ஆசியோடு மூட்டைக்குப் போயின.

எட்டி நின்ற கழுகு, பழக்க தோஷத்தில், ஒரு பாட்டிலைப் பிடிக்கக் கை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள்.

"சார்" என்றார் சங்கு, மெல்ல.

மேனேஜர் திடுக்கிட்டார். தொட்டியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் தூங்கலை."

"தெரியும் சார்" என்றார் சங்கு. "அப்படியே எழுதிக்கலாமா?"

அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே காத்திருந்த கூட்டத்துக்குக் கதவு அதிராதது பெரிய ஏமாற்றமாகிவிட்டது. உள்ளே என்ன நடந்தது என்று துணைச் செயலாளர் சொன்னார். சொன்ன விதத்தில், சங்கு மேனேஜரைக் கெஞ்சினார், மேனேஜர் சிரித்தபடி பலகையைச் சுற்றிப் பார்த்தார் என்று ஆகியிருந்தது. ஷிப்ட் முடிவதற்குள் இரண்டு கட்சி உருவானது. சங்கு விலைபோய்விட்டார் என்பது ஒரு கட்சி. இல்லை, அவர் விலைபோகிற ஆள் இல்லை, கம்பெனிதான் அந்தப் பல் டாக்டரை ஏற்பாடு செய்து அவரை வசியம் பண்ணி வாயைக் கட்டிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டாவது கட்சி அவருக்கு ஆதரவான கட்சி.

மனைவி கேட்டுவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷம் நான் உங்க வாயைக் கட்டப் பார்த்தேன். ஒரு டாக்டரால முடிஞ்சுதுன்னா அந்தம்மாவுக்கு மாலை போடணும்."

உத்தரவு வந்தது. கழுகுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பலகைக்கு மறுபடி இரண்டு பேர். நிர்வாகத்தின் புதிய 'கண் ஓய்வுத் திட்டம்' என்று அதற்குப் பேர் வைத்து, மேனேஜரின் சிந்தனையில் உதித்தது என்று அறிவிப்புப் பலகையில் அவர் படத்தோடு ஒட்டினார்கள். கழுகின் உத்தரவில், வேலை நேரத்தில் தூங்கிய குற்றம் நிரூபணமானாலும் மனிதாபிமானம் கருதி மீண்டும் சேர்க்கப்படுகிறார் என்று இருந்தது.

சங்கக் கமிட்டி வெற்றி விழாவுக்குத் தயாரானது. வாசல் கூட்டம். சங்கு பேசியே ஆக வேண்டும், பழையபடி பேசியே ஆக வேண்டும், இல்லையென்றால் வசியம் நிஜம் என்று ஆகிவிடும் என்றார்கள். தாடை சரியாகியிருந்தது. மேடை ஏறினார். குரலை விட்டார். கூட்டம் சிலிர்த்தது. சுவர் அதிர, வெற்றி என்றார். கைதட்டல். குரல் ஏறுகிற இடத்தில் எல்லாம் கைதட்டல். அவர் என்ன சொல்கிறார் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பது அவருக்கு மெதுவாகப் பட்டது. முகங்களைப் பார்த்தார். எல்லாக் கண்ணும் அகலத் திறந்திருந்தன. கைகள் தாமாக எழுந்து தாமாக இறங்கின. இந்தப் பார்வையை அவர் சமீபத்தில்தான் ஒரு வெளிச்சப் பலகை முன்னால், கோட்டைக் கழற்றிப் போட்ட ஒருவர் முகத்தில் பார்த்திருந்தார்.

நாணயத்தை ஆட்டியவனை மேடையேறி இறக்கிய மனிதர், தான் இத்தனை வருஷமாக எதை ஆட்டிக்கொண்டிருந்தோம் என்று யோசித்தபடி பேச்சை நிறுத்தினார்.

கூட்டத்தின் கடைசியில் ஒருத்தி மட்டும் கைதட்டாமல் நின்றாள். கையில் அந்த உத்தரவு.

சங்கு சாதாரணக் குரலில் பேசினார். வேலை கிடைத்தது, ஆனால் தூங்கினாள் என்ற பொய் அப்படியே இருக்கிறது. நாளைக்கு எது நடந்தாலும் அதைக் காட்டி மறுபடி வெளியே அனுப்பலாம். மனிதாபிமானம் என்று சொல்லி ஒரு பெண்ணின் பேரைக் கெடுத்திருக்கிறார்கள். இதற்கா கைதட்டினோம்?

யாரும் கைதட்டவில்லை. சத்தம் இல்லாததால் பாதிப் பேர் கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து டீ குடிக்கக் கிளம்பினார்கள். "பாரு, மருந்து இன்னும் இறங்கலை" என்றார் துணைச் செயலாளர். பலகையில் உட்கார்கிற பெண்கள் மட்டும் முன்னால் வந்தார்கள். கீறல் பார்த்துப் பழகியவர்கள்.

மறுநாள் பலகைகளில் ஒரு விநோதம் நடந்தது. பெண்கள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தார்கள். ஒழுங்காகப் பார்த்தார்கள். கவனம் கொஞ்சம் நழுவுகிறது என்று தோன்றியதும் ஒருத்தி எழுந்து, பெல்ட்டை நிறுத்தி, கையைத் தூக்கி, "நான் தூங்கலை" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பிறகு அடுத்த பலகையில் இன்னொருத்தி. கையைத் தூக்கி நிறுத்துகிற யோசனை எங்கிருந்து வந்தது என்று சங்கு யாருக்கும் சொல்லவில்லை. இது வேலை நிறுத்தமா என்று மேனேஜர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வேலை செய்கிறேன், தூங்கவில்லை என்று சொல்வது குற்றம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் பலகை வழியாக நடந்து போனபோதெல்லாம் அவருடைய வாசகமே அவர் காதில் விழுந்தது. விசாரணைக் கோப்பில் அது அவர் பேரோடு இருந்தது. கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாப்பாட்டு மணிக்கு முன் உத்தரவு வேறு மாதிரி தட்டச்சாகி வந்தது. தூக்கமும் இல்லை, மனிதாபிமானமும் இல்லை. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது, அவ்வளவுதான்.

கழுகு அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

சங்கு, குடைந்த பல்லுக்குக் கிரவுன் என்கிற தொப்பி போட்டுக்கொள்ள, டாக்டரம்மாவிடம் கடைசித் தடவை போனார். இந்தத் தடவை பெல்ட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சும்மாவே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். இடது கை உரிமை மட்டும் இருக்கட்டும் என்றார்.

அந்த வருஷமே சங்கத் தேர்தல் வந்தது. துணைச் செயலாளர் செயலாளர் ஆனார். நல்ல தொண்டை. வேட்பாளர் பேச்சிலேயே கேண்டீன் தகரம் அதிர்ந்தது. என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை, ஆனால் அதிர்ந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சங்கு தோற்றார். பேர் மட்டும் மாறவில்லை. வைத்த பேரை அவ்வளவு சுலபமாகத் திருப்பி வாங்க முடியாது.

முடிவு அறிவித்த சாயங்காலம், தெரு முனை வரைக்கும் கழுகு கூட நடந்து வந்தாள். பலகைக்காரங்க ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான் என்றாள். சரி, விடு என்றார் சங்கு. அவள் விடவில்லை.

"மத்தவங்களைத் தப்பா நினைக்காதீங்கண்ணே. ஓட்டுப் போடும்போது நான் பக்கத்துல நின்னு நல்லாப் பார்த்தேன்."

"என்ன பார்த்தே?"

"யாரும் தூங்கலை. கண்ணெல்லாம் திறந்துதான் இருந்துச்சு."